பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ பேசும்போதெல்லாம் கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறாய். ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

நீ அனுப்பிய கட்டுரையும் நாடகப் புத்தகமும் ஆடியிலேயே வந்துவிட்டன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். அச்சில் உன் பெயரைப் பார்த்ததும் போஸ்ட்மாஸ்டர் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தலைப்பிலேயே நின்றுவிட்டார். 'லாட்டினெக்ஸ்' என்றால் அந்த எக்ஸ் எதற்கு என்றார். லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்களில் ஆணுக்கு லாட்டினோ, பெண்ணுக்கு லாட்டினா, எல்லோரையும் சேர்த்துச் சொல்ல எக்ஸ் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "ஆசிரியர் என்கிற மாதிரி ஒரு 'ர்' போட்டால் முடிகிற காரியம்" என்றார் மனுஷர். 2003இல் புலிட்சர் பரிசு வாங்கினாரே, அந்த நாடகத்தை எழுதிய உன் நீலோ குரூஸ், நாடகத்துக்கு அதை வாங்கிய முதல் லாட்டினோ அவர்தான் என்று மாமாவிடம் இரண்டு தடவை சொன்னேன், நானே எழுதி வாங்கிய மாதிரி. சித்தப்பாதான், "இவ்வளவு படிக்கவைத்தது எந்த ஊர்ச் சுருட்டுக்காரனைப் பற்றியோ எழுதவா?" என்று கேட்டான். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் நாடகத்தில் அந்த லெக்டோர், படித்துக்காட்டுகிறவன், வந்த இடத்தில் எனக்குப் பக்கம் நகரவில்லை. அமெரிக்காவில் டாம்பா ஊர்ச் சுருட்டு ஆலையில் வரிசையாக உட்கார்ந்து சுற்றுகிறார்கள், உயரமான மேடையில் ஒருவன் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் உரக்கப் படிக்கிறான், அவன் கூலியைச் சுற்றுகிறவர்களே கொடுக்கிறார்கள். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். நம் வளவில் எனக்குக் கூலி ஒரு கை முறுக்கு. ஆச்சியும் பெரியத்தையும் மற்றவர்களும் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டுவார்கள், நான் திண்ணையில் நின்று தினத்தந்தி படிப்பேன். கொலைச் செய்தி என்றால் இரண்டு தடவை படிக்க வேண்டும். கத்தரிச் சத்தம் நின்றுவிட்டால், கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஹவானாவில் 1865இல் ஆரம்பித்த வழக்கம் என்று தேடி எழுதத் தெரிந்த உனக்கு, நம் வளவைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

1931இல் முதலாளிகள் லெக்டோர்களை வெளியேற்றிவிட்டு, அப்புறம் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரேடியோவிடம் திரும்பப் படி என்று சொல்ல முடியுமா?" என்றாள். உன் அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. நாடகத்தில் வருகிற கொன்சிதாவைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாய், அவள் புருஷன் பலோமோவைப் பற்றி ஒன்றரைப் பக்கம். எண்ணிப் பார்த்தேன். அவன் வேறொருத்தியிடம் போனவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவளும் அந்த லெக்டோர் பக்கம் சாய்கிறாள். ஆனால் லெக்டோரை வேறொருவன் சுட்டுக் கொன்றபிறகு, கடைசிக் காட்சியில் லெக்டோர் படித்துக்கொண்டிருந்த டால்ஸ்டாய் நாவலைக் கையில் எடுத்துப் படிக்கிறவன் பலோமோ. அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அவளிடம் திரும்பி வரத்தான் படிக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். தப்பா? கதையைத்தான் கேட்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. நூலகத்தில் எட்டு மணிக்கு மேல் இருக்காதே, திரும்பும்போது தனியாக ஓட்ட வேண்டியிருக்கும்.

பெரியத்தை வீட்டுச் சுவர் அந்த ஒரு தையில் மட்டும் வெள்ளையடித்திருந்தது என்று எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்களே, ஏன் என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. வளவுக்கு வருகிற கடிதங்களையும் நான்தான் படிப்பேன். எனக்குப் பதினொரு வயது. பம்பாயிலிருந்து பெரியத்தை புருஷன், மாமா, போட்ட கார்டு வந்தது. இனிமேல் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று மூன்றே வரி. அத்தை சுற்றிக்கொண்டிருந்த பீடியில் நூலைக் கட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "தைக்கு வருகிறேன், வீட்டை வெள்ளையடித்து வை" என்று படித்துவிட்டேன். கார்டை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம், பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்று இருந்து, அவள் போகிறவரைக்கும் சொல்லவில்லை. மறு வருஷமும் அடுத்த வருஷமும் தை பிறந்தால் தெருமுனையைப் பார்ப்பாள். நல்லது செய்ததாகத்தான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் நல்லா இருக்கார்ப்பா, தூங்குறார்" என்று நாலு மாதமாகப் போனில் சொல்கிறாய். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் உங்களுக்குக் காலை பதினொன்றரை. இவ்வளவு தூங்குகிறவரில்லையே அவர். கார்டில் என்ன இருக்கிறதோ அதையே படி, பாப்பா. கேட்டுக்கொள்கிற வயதுதான் எனக்கு.

அம்மாவிடம் இதைப் பற்றி நான் பேசவில்லை. அவள் பூண்டு ஊறுகாய் போட்டுவைத்திருக்கிறாள். தீபாவளிப் பார்சலை அடுத்த வாரம் அனுப்ப வேண்டும். உனக்குப் புடவை எடுத்தாயிற்று, நீ கேட்ட மாம்பழ நிறம். மாப்பிள்ளைக்குப் போன தடவை நாற்பது சைஸ் சட்டை எடுத்தோம். இந்தத் தடவை எடுக்கவா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா