பயாப்சியில் ஒன்றுமில்லையே என்று கேட்டாய்

அன்புள்ள குமரனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு, பக்கத்தில் உன் அம்மா இருந்ததால், முறையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பயாப்சியில் பித்தக்குழாய்ப் புற்றுநோய் இல்லையென்று வந்த பிறகும் எதற்காக இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை என்றாய். நானும் மருத்துவரிடம் இதையே இரண்டு முறை கேட்டேன்.

கார்த்திகையில் கண் மஞ்சளித்தபோது வலியோ காய்ச்சலோ இல்லை. சாதாரணக் காமாலை என்றெண்ணி மூன்று வாரம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தேன். இரவெல்லாம் உடம்பு அரித்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து உன் அம்மாவின் கை ஓய்ந்தது. சிறுநீர் கறுத்தும் மலம் சுண்ணாம்பாக வெளுத்தும் போவதைத் தெருமுனைக் கிளினிக்கில் சொன்னபோதும் பத்தியம் இருக்கச் சொன்னார்களே தவிர ஸ்கேனுக்கு அனுப்பவில்லை. என் வயதில் வலியில்லாமல் வரும் காமாலையைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டுமாம்.

கடைமடையில் அடைப்பு விழுந்தால் மேலே கரை தளும்பும் என்பதைப் பொதுப்பணித் துறையில் 30 ஆண்டு இருந்தவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய், கணையத்தின் தலைப்பகுதிக்குள் நுழையும் இடத்தில் சுருங்கி, அதற்கு மேலுள்ள கிளைகளெல்லாம் வீங்கியிருந்ததை எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேன் படத்தில் காட்டினார்கள். வாய்வழியாக, பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் வைத்த பிறகு, 16 ஆக இருந்த பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) 3-க்கு இறங்கியது, அரிப்பும் நின்றது.

அப்போது சுருக்கத்தின் உட்சுவரைச் சிறு பிரஷ்ஷால் சுரண்டி எடுத்த செல்களின் பரிசோதனையைத்தான் நீ பயாப்சி என்கிறாய். பித்தக்குழாயில் வரும் இந்தக் கட்டி தன்னைச் சுற்றி நார்த்திசுவை மிகுதியாக வளர்த்துக்கொண்டு, அதற்குள் புற்றுநோய்ச் செல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருப்பதால், நோய் இருந்தும் பிரஷ்ஷில் சிக்காமல் போவது ஏறத்தாழ பாதிப் பேருக்கு நடக்கிறது. அந்தத் தாளில் 'காணப்படவில்லை' என்றுதான் இருக்கிறது. 'இல்லை' என்று இல்லை. புற்றுநோயைப் போலவே குழாயைச் சுருக்கி, ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும் ஒரு நோயும் உண்டு என்பதால் அதற்கான ஐ.ஜி.ஜி.4 ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அளவு இயல்பாகவே இருந்தது. புற்றுநோயைச் சந்தேகிக்க ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற அளவு காமாலையாலேயே ஏறக்கூடியது என்றாலும், பித்தம் வடிந்த பிறகு பார்த்தபோதும் அது இறங்கவில்லை.

கட்டி கல்லீரலின் வாசலில், குழாயின் இரு கிளைகள் கூடுமிடத்தில் வந்திருந்தால் கல்லீரலிலேயே பெரும்பகுதியை எடுக்க நேர்ந்திருக்கும். எனக்குக் குழாயின் கீழ்முனை என்பதால் விப்பிள் என்ற அறுவை சிகிச்சை: கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, குழாயின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை ஒன்றாக எடுத்துவிட்டு, மிச்சக் கணையம், குழாய், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தைப்பார்கள். கணையத் தையல் கசிவதற்குத்தான் அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். எடுத்த பிறகு தீங்கற்றது என்று தெரியவரலாம் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. ஆனால் உறுதிக்காகக் காத்திருக்கும்போது அது கல்லீரலுக்குப் பரவிவிட்டால், அறுவைக்கு இடமின்றி, ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துகளைக் கொடுத்துக் கட்டுப்படுத்துவதே மிஞ்சும். இப்போது எடுத்து, புற்றுநோய் என்று வந்தால், கேபசிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை ஆறு மாதம். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

அம்மாவிடம் அடைப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நம்பியவள் போலத் தெரியவில்லை. தை 12-ஆம் நாள் அறுவை. படிவத்தில் உறவினர் கையெழுத்துக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். முந்தின நாள் மாலைக்குள் வந்துவிடு.

அப்பா