ஆர்க்டிக் அணிலும் அதன் காலடி மண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஆர்க்டிக் தரை அணில் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். குளிர்கால உறக்கத்தில் அதன் உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியும் இரத்தம் உறைவதில்லை என்ற செய்தியைக் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். ஆனால் பக்கம் முழுவதும் அணிலின் உடம்பைப் பற்றியே பேசியவர், அது வாழும் இடத்தைப் 'பனிப் பிரதேசம்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அருகில் வெள்ளைவெளேரென்று ஒரு படம் வேறு. அந்த அணில் வெளியே நடமாடுவதே ஆண்டில் நான்கைந்து மாதங்கள்தான். அதில் பெரும்பகுதி, மரங்கள் வளராத வடதுருவ நிலமான தூந்திரம் புல்லும் பூவுமாக இருக்கும் காலம்.

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் வடகிழக்குச் சைபீரியாவிலும் இந்த அணில் உண்டு. ஆனால் அங்கே நினைத்த இடத்தில் வளை தோண்டிவிட முடியாது. தூந்திரத்தின் அடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். எந்த நகத்துக்கும் அது மசியாது. கோடையில் மேலடுக்கு மட்டும் இளகும். பல இடங்களில் அது அரை மீட்டர்கூடத் தேறாது, தேறினாலும் சேறாக இருக்கும். அதனால் நீர் வடியும் ஆற்றங்கரை மணல், பனியாறுகள் விட்டுச்சென்ற மணல் மேடுகள், சரிவுகள் என்று ஆழமாக இளகும் நிலத்தைத் தேடியே இவை கூட்டமாகக் குடியேறுகின்றன. அங்கும் உறங்கும் வளை பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான். குளிர்காலத்தில் அந்த மண் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகக்கூடும். உறையாத ஆழத்துக்கு இறங்க வழியிருந்தால் இந்த அணிலுக்கு மைனஸ் 2.9 எதற்கு? கட்டுரை வியந்த அதிசயத்துக்குத் தேவையை உண்டாக்கியதே அந்த மண்தான்.

அந்த மண் இப்போது மாறிவருகிறது. வடக்கு அலாஸ்காவில் 25 ஆண்டுகளாகத் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. இலையுதிர் காலத்தில் மண் முன்பைவிடத் தாமதமாக உறைகிறது. பெண் அணில்கள் முன்பைவிடப் பத்து நாள் வரை முந்தி விழித்தெழுகின்றன. ஆண்களின் நாள் மட்டும் மாறவில்லை. இனப்பெருக்கத்துக்கு உடல் தயாராக வேண்டும் என்பதால் வழக்கமாக ஆண்கள்தான் முதலில் எழும். இந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் ஜோடி சேரும் காலமே குழம்பக்கூடும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

உறைமண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. சைபீரியாவின் கோலிமா ஆற்றங்கரையில், 38 மீட்டர் ஆழத்தில் புதைந்திருந்த பழங்காலத் தரை அணில் வளைகளில் கிடைத்த காய்களின் திசுவிலிருந்து ரஷ்ய அறிவியலாளர்கள் செடி வளர்த்து, பூக்கவும் வைத்தார்கள். 2012-இல் வெளியான செய்தி இது. அந்தக் காய்களின் வயது சுமார் 32,000 ஆண்டுகள்! அணில் சேமித்ததை மண் காத்து வைத்திருக்கிறது. தனிக் கட்டுரைக்கே தகுதியான பொருள்; வெளியிட்டால் மகிழ்வேன்.

கடைசியாக ஒரு திருத்தம். 'எட்டு மாதம் அசையாமல் உறங்கும்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது நடுங்கி நடுங்கி உடலை 36 டிகிரிக்குச் சூடேற்றி, ஒரு நாளுக்கும் குறைவாக அந்தச் சூட்டில் இருந்துவிட்டு மீண்டும் குளிர்ந்துபோகும். குளிர்காலச் சேமிப்புக் கொழுப்பில் பெரும்பங்கு கரைவது இந்தச் சூடேற்றங்களில்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்