கரும்பலகையில் எழுதிய பிள்ளைக்கு

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் சார்பில் எழுதுகிறோம். புயல் போய்விட்டது. ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம். மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

விடுமுறைக்கு மாமி வீட்டுக்கு வந்திருந்த அந்தக் கம்பஸ் பிள்ளைக்குத்தான் முதல் நன்றி. ஒருத்தரும் கேட்காமலே சங்கக் கட்டடத்துக் கரும்பலகையைத் துடைத்து, வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஒவ்வொரு அறிவித்தலையும் எழுதினா. முதல் வரியில், அது வெளியான நேரம். காலையில் வந்த தகவல் வட்ஸ்அப்பில் இரவுவரை சுற்றிக்கொண்டிருக்க, பலகையில் பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு வேகத்தையும் பிரித்து எழுதியது பெரிய உதவி. 'மணிக்கு 15 கிலோமீற்றர்' என்று கேட்டுவிட்டு, சைக்கிள் ஓடுகிற வேகம்தானே என்று படகை இழுக்காமல் நின்றவர்கள் உண்டு. அது புயல் நகரும் வேகம். சுற்றி வீசும் காற்று வேறு. பக்கத்தில் கணக்கும் போட்டா: 180 கிலோமீற்றர் தூரத்தில் நின்று 15இல் நகர்ந்தால் 12 மணித்தியாலம். 'இது மையம் வரும் நேரம், காற்றும் மழையும் முந்திவிடும்' என்று கீழே இரண்டு கோடு. காற்று 60இலிருந்து 90 ஆனால் கூரையில் விழும் அடி ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு என்றதைப் பார்த்துத்தான் தகரக் கூரைகளுக்கு மேலதிகக் கயிறு ஏறியது. காற்று 34 நொட்ஸைத் (மணிக்கு ஏறக்குறைய 63 கிலோமீற்றர்) தொட்டால்தான் புயலுக்குப் பெயர் வைப்பார்கள். பெயரில்லாத தாழமுக்கமும் வெள்ளம் கொண்டுவரும். அதையும் எழுதினா.

'வடகிழக்கு' என்று வந்ததை 'வாடை' என்று எழுதியதில்தான் எங்கள் ஐயாமாருக்கு எல்லாம் விளங்கியது. மையம் எங்களுக்குத் தெற்கால் மேற்கே போனால் வாடை, கிழக்கால் வரும் கொண்டலாகத் திரும்பும். தலைக்கு நேர் மேலால் போனால் காற்று சட்டென்று அடங்கி, பிறகு தெற்கே சோழகப் பக்கமிருந்து எதிர்த்து அடிக்கும். வாடையை மட்டும் பார்த்துக் கட்டிய படகு அப்போதுதான் புரளும். அதனால் கரைக்கு இழுத்த படகுகளை இரண்டு பக்கமும் கட்டினோம். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கு எடுத்தோம். மழைத்தண்ணி தேங்காமல் அடி ஓட்டையின் மூடியையும் கழற்றிவிட்டோம்.

நேரத்தோடு வீடுவீடாக வந்த கிராம சேவையாளர், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட அதிபர், உழவு இயந்திரத்தில் முதியவர்களை ஏற்றிய தம்பிமார், இரவிரவாகச் சமைத்த அக்காமார், அனர்த்த உதவிக்கான 117க்கு எடுத்தபோதெல்லாம் பதில் சொன்னவர்கள், கிணறு இறைத்துக் குளோரின் போட்டவர்கள், மின்கம்பிக்காரர்: எல்லாருக்கும் கைகூப்புகிறோம்.

இனி ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும்வரை அந்தப் பலகையில் நேரம், தூரம், நகர்வு, காற்று என்ற நான்கு வரி இருக்கும். எழுதுவதற்கு இரண்டு பேரை முறை வைத்துவிட்டோம்.

பிள்ளை, உங்கடை ரோச் லைற் சங்கத்து மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கு. வந்து எடுங்கோ.