பதக்கச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இன்று வந்திருக்கும் 12 உறுப்பினர்களே, வணக்கம். நம் சங்கத்தில் 31 பேர் இருக்கிறோம். மீதி 19 பேருக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வரும். கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகாமல் கடைசிப் பத்தி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் இரண்டு ரத்தாயின. பொங்கல் சந்திப்பு நடந்தது. மாணவர்களுக்கான கண்காட்சி, அரங்கம் கிடைக்காததால் நடக்கவில்லை.

இனி பெட்டி விஷயம். கப்பல் பொறியாளராக இருந்து மறைந்த நம் மூத்த உறுப்பினரின் குடும்பத்தார் கொடுத்த ஜெர்மன் பதக்கப் பெட்டி மூன்று ஆண்டுகளாகப் பீரோவில் கிடந்தது. ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் பழைய சாமான் சந்தைகளில் அவர் பொறுக்கிச் சேர்த்தவை, மொத்தம் 61. எல்லாவற்றுக்கும் விவர அட்டை எழுதுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அதற்கு ஐந்து பேர் குழுவும் போட்டோம். குழு முதல் கூட்டத்துக்கு முழுமையாக வந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு பேர். அதற்குப் பிறகு நானும் பீரோவும்தான். 43 அட்டைகள் முடிந்திருக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

பழைய சீட்டுகளில் இருந்த தவறுகளைச் சொன்னால்தான் வேலை எவ்வளவு என்பது புரியும். ஏழு இரும்புச் சிலுவைகளில் ‘1813’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றுகூட 1813 இல்லை. ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் நெப்போலியனை எதிர்த்த போருக்காக 1813இல் ஏற்படுத்திய விருது அது. பின்பு 1870லும் 1914லும் புதுப்பித்தார்கள். புதுப்பித்தபோதும் ஒரு பக்கத்தில் பழைய ஓக் இலையையும் 1813 என்ற எண்ணையும் விட்டுவைத்தார்கள். சீட்டு ஒட்டியவர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார். திருப்பினால் கிரீடம், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் முதலெழுத்து, கீழே 1914. முதல் உலகப்போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டுமே 50 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டது. ஆகவே அட்டைகளில் ‘அரிய’, ‘அபூர்வ’ என்ற சொற்களை நான் அனுமதிக்கவில்லை. அளவு, எடை, உலோகம், முத்திரை, ரிப்பன், சேதம், எங்கிருந்து வந்தது, அவ்வளவுதான். ரிப்பனிலும் குழப்பம். போர்முனையில் நின்றவருக்குக் கறுப்பு ரிப்பன், ஓரத்தில் வெள்ளைக்கோடு. பின்னணியில் வேலை செய்தவருக்கு அதன் தலைகீழ். அழகாக இருக்கிறதென்று யாரோ மாற்றிக் கோத்திருக்கிறார்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அசல் சிலுவை மூன்று துண்டு. நடுவில் கறுப்பாக்கிய இரும்பு, அதை இருபுறமும் கவ்விப் பற்றவைத்த வெள்ளிச் சட்டம். எனவே காந்தம் ஒட்டாவிட்டால் போலி என்று எழுதி இரண்டைத் தள்ளிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, 1914 வகையில் இரும்பல்லாத பித்தளை நடுப்பகுதி கொண்ட அசல்களும் உண்டு. இரும்பில் செய்த போலியும் உண்டு. காந்தத்தைவிட விளிம்பில் பற்றவைத்த கோட்டை லென்ஸில் தேடுவதே மேல். ஒரே வார்ப்பாக ஊற்றிய நகலில் அந்தக் கோடு இருக்காது. இரண்டு அட்டைகளையும் திருத்திவிட்டேன்.

1870-71 போர்ப் பதக்கம் நான்கு இருக்கின்றன. ‘வெண்கலம்’ என்ற ஒரு சொல்லோடு சீட்டு முடிந்திருந்தது. தடிமனான விளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் ‘கைப்பற்றிய பீரங்கியிலிருந்து’ என்று ஜெர்மனில் பொறித்திருக்கிறது. பிரெஞ்சுப் பீரங்கியை உருக்கிச் செய்தது. களத்தில் நின்றவருக்குத்தான் இந்த வெண்கலம், மற்றவருக்கு எஃகு. விளிம்பைப் பார்க்காதவருக்கு இது வெறும் வட்டம்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. முதல் உலகப்போரில் பங்கெடுத்தவர்களுக்காக 1934இல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய நினைவுச் சிலுவையில் மூன்று வகை. போர்முனை வீரருக்கு வாள்களோடு, மற்றப் படையினருக்கு வாள் இல்லாமல். மூன்றாவது, மகனையோ கணவனையோ பறிகொடுத்த பெற்றோருக்கும் மனைவியருக்கும். அது கறுப்பு. கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். நம் பெட்டியில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அந்தக் கறுப்பை அழுக்கென்று நினைத்து, குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார் ஓர் உறுப்பினர். பாதி போய்விட்டது. பெயர் சொல்லமாட்டேன், இன்று வந்திருக்கிறார். அட்டையில் ‘சேதம்’ என்ற இடத்தில் ‘புளி’ என்றே எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து நான்கும் உண்டு. விவரிப்போம், காட்சிக்கு வைக்கமாட்டோம் என்று முடிவானது. ஜெர்மனியிலேயே 1957 சட்டப்படி நாஜி ஸ்வஸ்திக் நீக்கிய வடிவத்தைத்தான் அணியலாம். அந்த நாட்டுக்காரர்களே கவனமாக இருக்கும்போது நமக்கு என்ன அவசரம்?

ஜூலைக் கூட்டத்தில் நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு மூத்த உறுப்பினர் தன் நீலச் சிலுவையைக் கொண்டுவந்தார். 1740இல் பிரஷ்ய மாமன்னர் ஃபிரெட்ரிக் தொடங்கிய ‘பூர் லெ மெரித்’ என்ற உயர்ந்த விருது. முதல் உலகப்போர் முழுவதிலும் அதன் படைத்துறைப் பிரிவு 687 முறைதான் வழங்கப்பட்டது. சென்னைக்குக் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கே 1918இல்தான் கிடைத்தது. நாம் இன்றும் கெட்டிக்கார ஆளை ‘எம்டன்’ என்கிறோமே, அந்த எம்டன். ஐயா கேட்டதால் லென்ஸில் பார்த்தேன். சுட்ட எனாமல் இல்லை, நீலப் பெயிண்ட். ‘பிற்கால நகல்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஐயா கூட்டத்துக்கு வருவதில்லை. அவருடன் மூன்று பேரும் வருவதில்லை. நான் எழுதியது அவருடைய பதக்கத்தைப் பற்றி மட்டுமே. அவருடைய இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கிக்கும் அந்த அட்டைக்கும் தொடர்பில்லை. பாக்கி அதற்கு முன்பே இருந்தது.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் கூடுதல், கையிருப்பு சமாளிக்கும் நிலையில் இருக்கிறது. சின்னத் தராசு, வெர்னியர் அளவுகோல், லென்ஸ் ஆகியவற்றை எந்தத் தலைப்பில் சேர்த்தீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். தேநீர்ச் செலவில் சேர்ந்துவிட்டது. வேறு தலைப்பு இல்லை. ஆண்டு முழுவதும் தின்ற பஜ்ஜிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

கூட்டத்துக்கு இடம் தரும் நூலகத்தாருக்கும், கணக்கைத் தணிக்கை செய்த நண்பருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 18 அட்டைகள் பாக்கி. பின்புறத்து முத்திரைகளைப் படம் எடுக்க நல்ல கேமராவும் நடுங்காத கையும் உள்ள ஒருவர் வேண்டும். பெட்டியின் அடியில் உள்ள ஐந்து விருதுச் சான்றுத்தாள்களில் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். எம்டன் சிதைவிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் ஆஸ்திரேலியாவில் செய்த நினைவுப் பதக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் பார்க்க ஆசை. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். யாராவது முன்வந்தால் பீரோ சாவியை இன்றே தருகிறேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன்.

சந்தா 600 ரூபாய். 17 பேர் கட்டியிருக்கிறார்கள். ரசீதுப் புத்தகம் என் பையில் இருக்கிறது, பஜ்ஜி வருவதற்கு முன்பு வந்தால் சில்லறையும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்