12 வோல்ட்தானே என்று இருந்துவிடாதே

அன்பு நண்பா,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பழைய ஹையேஸ் வேனுக்குள் கட்டில், அடுப்பு எல்லாம் வந்துவிட்டதே! பெர்த்துக்குப் போயும் உன் கை சும்மா இருக்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். சின்னவன் என்எஸ் (தேசிய சேவை) முடித்துவிட்டான். மகளுக்குத் தெங்காவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது; சாப்பிட உட்கார்ந்தாலும் ரெனொவேஷன் பேச்சுதான்.

சரி, வேனுக்குள் நீயே பேட்டரியில் மாட்டப்போகும் விளக்குக்கு வருகிறேன். "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று எழுதியிருந்தாய். ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும். அதே வாட்டுக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 24 வாட் விளக்கு வீட்டு 230 வோல்டில் சுமார் 0.1 ஆம்பியர்தான் இழுக்கும். உன் வேனில் அதே 24 வாட்டுக்கு 2 ஆம்பியர் வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் பாசிட்டிவ் வயர் எங்காவது உரசி இரும்பு பாடியைத் தொட்டால், அந்த பேட்டரி கண நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் சிவந்து உறை உருகும். பக்கத்திலேயே பிளைவுட், மெத்தை, திரைச்சீலை. நீ தூங்குகிற இடம் அது.

அதனால் ஃபியூஸை விளக்கின் பக்கத்தில் வைக்காதே, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வை. அது காக்க வேண்டியது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டுக்குக் காவல் கிடையாது, எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. உனக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் எடு, பல இழை கொண்டதாக. வீட்டுச் சுவருக்குள் போடுகிற ஒற்றைக் கம்பி வேண்டாம், வண்டி அதிர அதிர முறிந்துவிடும். விளக்கு 5 மீட்டர் தள்ளி என்றால் போக வர 10 மீட்டர். 0.5 வயரில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும், 1.5-இல் கால் வோல்ட்கூடப் போகாது.

அப்புறம், தகட்டில் துளை போட்டால் விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் வளையம் மாட்டிய பிறகே வயரை நுழை. கப்பல் பட்டறையில் நாம் பார்த்த அறுந்த வயர்களில் பாதி இப்படி விளிம்பில் தேய்ந்தவைதானே! கிரிம்ப் செய்த (நசுக்கி இறுக்கிய) ஒவ்வொரு இணைப்பையும் கையால் பலமாக இழுத்துப் பார். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

வயர் நிறத்தை நம்பாதே. அமெரிக்க வண்டிகளில் கறுப்பே பாசிட்டிவாக இருப்பதுண்டு. உன் வேனில் முந்தைய ஆள் என்ன செய்து வைத்தாரோ! மீட்டர் வைத்துப் பார். வேலை தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்று, பேட்டரியில் நெகட்டிவை முதலில் எடு. வீட்டு மின்சாரத்தின் பக்கம் மட்டும் போகவே போகாதே, அதற்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

விளக்கு நான் வாங்குகிறேன். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்சாரம் 14 வோல்டைத் தாண்டும், அதில் சாதாரண 12 வோல்ட் எல்இடி பட்டை சூடேறிச் சீக்கிரம் போய்விடும். சிம் லிம் டவரில் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குவது கிடைக்கும். சின்னவன் டிசம்பரில் அங்கே வருகிறான், ஃபியூஸ் ஹோல்டரோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் பலகையை அடித்து மூடிவிடாதே, பேட்டரிப் பெட்டியைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி