அபிராமிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மாடி அபிராமிக்கு,

இங்கு நானும் உங்கம்மாவும் நலம். நீயும் குழந்தையும் நலமா? மாப்பிள்ளையும் நலமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன வெள்ளியும் அதற்கு முந்தின வெள்ளியும் உன் போன் வரவில்லை. வேலை இருந்திருக்கும், புரிகிறது. உங்கம்மாதான் ராத்திரி பத்து மணி வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலையில், ஊறப்போட்ட அரிசியை அரைக்காமல் அப்படியே வைத்துவிட்டு, "எங்கயாவது போயிட்டு வருவோங்க, இந்த வீட்டுக்குள்ள இருக்க முடியல" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. மாற்றுத்துணியையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் காரைக்குடி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டோம்.

புதுக்கோட்டை தாண்டி, திருமயத்தில் கோட்டை பைரவர் முன்னால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டார். உங்கம்மாவும் கண்ணை மூடினாள். வண்டி கிளம்பி வெகுதூரம் போன பிறகும் திறக்கவில்லை.

காரைக்குடியில் இறங்கியதும் பசி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. ஒரு சின்னக் கடையில் வெள்ளைப் பணியாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கம்மா சாப்பிடாமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்துக் கணக்காம். போட்ட அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கரண்டியால் மாவை எடுத்து எண்ணெயில் ஒன்றே ஒன்றுதான் ஊற்றுகிறார். அது அடியில் போய், மெதுவாக மேலே வந்து, நடுவில் உப்பி, ஓரம் மட்டும் வலைபோல் மெல்லிசாக விரிகிறது. ஒரு திருப்பு, உடனே எடுத்துவிட வேண்டும், சிவக்க விடக்கூடாது. அடுத்ததை அப்புறம்தான் ஊற்றுகிறார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. எட்டு தின்றேன், சர்க்கரையை மறந்துவிட்டுத்தான். உங்கம்மா ரெண்டு. "அவளுக்குப் பிடிக்கும்" என்றாள். மதியம் மெஸ்ஸில் கோழி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் மறக்காமல் இருக்கப்போவது வெண்டைக்காய் மண்டியைத்தான். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கிறார்கள். உங்கம்மா இலையில் அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கினாள்.

ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று பார்த்தோம். உனக்கு ஒரு கண்டாங்கி எடுத்திருக்கிறோம், அரக்கில் கடுகு மஞ்சள் கட்டம், அகலக் கரை. முதலில் மொடமொடவென்றுதான் இருக்கும், துவைக்கத் துவைக்க இழையும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்று கடைக்காரர் சொன்னார். உங்கம்மா அதையெல்லாம் கேட்கவில்லை, சேலையை உன் அளவுக்குத் தன் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலையைப் பார்சலில் அனுப்புகிறேன். உன் புது முகவரிக்கே அனுப்புகிறேன். மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்லி ஆனியில் நீ முகவரி எழுதினாயே, அப்போதே பார்த்தேன். அம்மாடி, உங்கப்பன் 34 வருஷம் தபால் பிரித்தவன். பின்கோடில் முதல் மூன்று எண் பெங்களூர்தான், கடைசி மூன்றுதான் தபால் ஆபீஸ். அது மாறியிருந்தது. பெயருக்கு நேரே உன் பெயர் மட்டும் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வீட்டில் தண்ணீர் வசதி எப்படி? கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா?

உன் பெயரில் போட்ட தேசிய சேமிப்புப் பத்திரம் தை மாதம் முதிர்கிறது. பணத்தை உன் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கில் போடு. கூட்டுக் கணக்கு வேண்டாம்.

சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண், முழங்கை நீளச் சாவி, பர்மாவிலிருந்து வந்த பெட்டி, மங்குத் தட்டு, மங்குத் தூக்கு என்று கூரை வரை அடுக்கியிருக்கிறது. உங்கம்மா ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் எடுத்தாள். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கழுத்தடியில், உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, மூன்று இனிஷியல் போட்டு "மகள் தெய்வானை" என்று இருந்தது. "மகள்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானையெல்லாம் வரிசையாகப் பரப்பிவைத்து, ஒன்று விடாமல் பட்டியல் எழுதுவார்களாம். அதெல்லாம் பெண்ணுக்கே சொந்தம் என்று கடைக்காரர் சொன்னார். "அப்புறம் எப்படிங்க இங்க வந்துச்சு?" என்று உங்கம்மா கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. விலை கேட்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி லாட்ஜில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, திடீரென்று கேட்டாள். "அன்னிக்கு அவளேதான் கிளம்புறேன்னு சொன்னாளா?"

எனக்குக் கை நடுங்கியது, அம்மாடி. எதைக் கேட்கிறாள் என்று உனக்கே தெரியும். 2022 கார்த்திகையில் நீ பிள்ளையோடும் ஒரே ஒரு பையோடும் வந்தாய். நாலாம் நாள் காலை நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்து, "அப்பா, இன்னும் ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. குளித்துவிட்டு நேரே ஜங்ஷனுக்குப் போய் மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து வந்தேன். உங்கம்மாவிடம், "அவளுக்கு லீவு இல்லையாம், அவளே கிளம்பணுங்கறா" என்று சொன்னேன். அவள் அதை நம்பி அவசர அவசரமாக முறுக்கு சுற்றினாள். நீ கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பி வழியாக முறுக்கு டின்னைக் கொடுத்தேன், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டாய்.

தெருவில் நாலு பேர் கேட்பார்களே என்று பயந்தேன். வேறு ஒரு காரணமும் கிடையாது. அந்த நாலு பேரில் ரெண்டு பேர் இன்று உயிரோடு இல்லை.

உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் கொப்புடையம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். வரும்போது பிள்ளைக்கு ஒரு சின்ன ஓலைக் கொட்டான், சீப்புச் சீடை, தேன்குழல் வாங்கி வந்திருந்தாள். திருச்சி வரை என்னோடு பேசவில்லை.

எதிர்வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் முடிந்தது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. உனக்கு வேலையில் பதவி உயர்வு கிடைத்ததை நீ சொல்லாமல் உன் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றாதபடி வைத்தவன் நான்தான். பணத்தை உன் பெயரில் மட்டும் போடு, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் பெயர் வெட்டிய பித்தளைக் குடமும் அடுக்கும் எட்டு வருஷமாகப் பரணில் கிடந்தன. வந்த அன்றே உங்கம்மா என்னை ஏணியில் ஏற்றி இறக்க வைத்து, புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். உன் அறையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைக் கீழே கொண்டு வந்தாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறோம், பிள்ளைக்குக் காற்று வரும். ஃபேன்தான் கடகடவென்று சத்தம் போடுகிறது. செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா