சாவடி பரிசோதனை அறைக்கும் டயாலிசிஸ் வேனுக்கும் நன்கொடை வேண்டுகோள்

இசக்கியம்மன் துணை

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் பிழைக்கும் பிள்ளைகளே,

டயாலிசிஸுக்கு (மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய) ஆஸ்பத்திரி போகிறவர்களை ஏற்றிச்செல்லப் பேசியிருக்கும் வேன்காரர் ஆனி 25-க்குள் முன்பணம் கேட்கிறார். கையில் பணம் போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அளந்து நம் தாத்தாமார் கட்டிய சாவடி இது. சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்ததுகூட ஊர்ப் பெண்கள்தான். 1992-இல் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இங்கேதான் அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினார்கள். இதன் பக்கத்து அறையில்தான் வாரம் ஒருநாள் பிரஷரும் சிறுநீரும் பார்க்கப் போகிறோம்.

பிரஷர் கூடினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். அது கிட்னியின் பொடி ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். கெட்ட கிட்னி பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். ரத்தத்தில் உப்பு (கிரியாட்டினின் என்ற கழிவு) கூடியிருப்பதாக ரிப்போர்ட் வருவதற்குள் பாதி கிட்னி போயிருக்கலாம். சிறுநீரில் புரதம் இறங்குவது பலருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்போதே டாக்டரிடம் போய் பிரஷரை 130/80-க்குள் வைத்துக்கொண்டால் டயாலிசிஸைத் தள்ளிப்போட வழியுண்டு. பிரஷரை ஏற்றும் உப்பு நிறைந்த கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும், கிட்னியைக் கெடுக்கக்கூடிய, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையையும் விடச் சொன்னால் நம் தலைவரே முறைக்கிறார், அது வேறு விஷயம்.

ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை உதவுகிறது. போய்வருவதுதான் பாடு. நாலு மணி நேரம் மிஷினில் கிடந்துவிட்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, மறுகையால் கம்பியைப் பிடித்தபடி டவுன் பஸ்ஸில் நின்று வருகிறார்கள். நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அறை பழுதுபார்க்க 62,000. இரண்டு பிரஷர் மிஷின் 5,000. 250 பேருக்குச் சோதனை, தலைக்கு 200 வீதம் 50,000. வாரம் இரண்டு நடை வேன், நடைக்கு 1,500 வீதம் வருஷத்துக்கு 1,56,000. ஆக 2,73,000 ரூபாய். வந்தது 1,54,500. குறைவது 1,18,500.

வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பீடி சுற்றும் அக்காமார் வாரக்கூலியில் பத்துப் பத்தாகச் சேர்த்து, சில்லறையை மஞ்சப்பையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடியில் கடை வைத்திருக்கும் தெற்குத் தெரு அண்ணாச்சி, பேரன் காதுகுத்து விருந்தைச் சுருக்கி 25,000 கொடுத்தார். வளைகுடாவிலிருந்து தம்பிமார் அனுப்பினார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள் கேட்கும் முன்பே தந்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

போன கோயில் கொடை விழாவில் வாணவேடிக்கைக்கு மட்டும் வீட்டுக்கு 500 கேட்டோம், ஒருவரும் மறுக்கவில்லை. இதற்கு இன்னும் பெயர் கொடுக்காத வீடுகள் எவை என்று நோட்டில் இருக்கிறது. வாசிக்க வைத்துவிடாதீர்கள்.

தினமும் சாயங்காலம் 6 முதல் 8 வரை பொருளாளர் சாவடியில் இருப்பார். ரசீது கேட்டு வாங்குங்கள். மொத்தமாக முடியாதவர்கள் இரண்டு தவணையில் தரலாம்.

இப்படிக்கு,
ஊர்க் கமிட்டியார்